மைலேஜ் ஏறுகிறது

பதினெட்டு புள்ளி நாலு. ஒண்டிப்புதூர் பாலத்தின் உச்சியில் பதினெட்டு புள்ளி மூன்றாக இருந்ததை வசந்தாமணி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள், இறக்கத்தில் வண்டி உருளத் தொடங்கியதும் அந்த மூன்று ஒருதரம் சிமிட்டிவிட்டு நாலாகிவிட்டது. யார் கேட்டது? யார் ஏறச் சொன்னது? ஊரில் அவனவன் என் வண்டி லிட்டருக்குப் பன்னெண்டுகூடக் குடுக்கமாட்டேங்குது என்று மூக்கால் அழுகிறான், இவளுக்கு மட்டும் கேட்காமலே கொட்டுகிறது. ஆட்டோமேட்டிக் என்றாலே பெட்ரோல் குடிக்கும், கியர் வண்டி மாதிரி வராது என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், குடிக்க வேண்டியதுதானே, நன்றாகக் குடித்துத் தொலைக்க வேண்டியதுதானே. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அந்தச் சின்னப் பச்சை எழுத்து, கடைசியாக டேங்க் நிரப்பியதிலிருந்து வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிற எழுத்து, அதைப் பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார்க்க வேண்டும், முன்னால் ஒரு டவுன் பஸ் போகிறது, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனால் போதும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே எழுத்தைப் பார்த்தாள். நாலுதான். பத்தொன்பதுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதற்குள் அவினாசி ரோட்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், கியர்பாக்ஸின் ஞாபகத்தை அழித்துவிடச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வந்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பத்தொன்பது நாச்சிமுத்துவின் நம்பர். செத்துப்போன புருசனின் நம்பரை அவர் வண்டி தேடிக்கொண்டு போகிறதென்றால் அது சும்மா போகுமா? இடது சீட்டில் மகள் மிதுனா, காலேஜ் லீவென்று கூட வந்தவள், போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை.

நாச்சிமுத்துவுக்கு மைலேஜ் என்பது சாமி மாதிரி. பம்ப்செட் விற்கிற வேலையில் உடுமலை, தாராபுரம், கோபி என்று பாதி ஆயுசை ரோட்டில் கழித்த மனுசன், அப்போதெல்லாம் கியர் வண்டிதான், எந்த வண்டியாக இருந்தாலும் அவர் காலுக்கு மட்டும் அடுத்தவனைவிடக் கூடத்தான் கொடுக்கும். சீக்கிரம் டாப்புக்குப் போடு, இஞ்சினைக் கத்த விடாதே, தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடு, பிரேக்கை மிதிக்கிறவன் பெட்ரோலைத் தெருவில் ஊற்றுகிறவன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் வசந்தா. வீட்டிலும் அதே அளவுதான். கேஸ் அடுப்பு சின்னதாக எரிய வேண்டும், ஆள் எழுந்துபோன அறையில் ஃபேன் ஓடக் கூடாது, கல்யாணமான புதிதில் அவள் சத்தமாகச் சிரித்தால்கூட இத்தனை பெரிய சிரிப்பு எதற்கு என்பதுபோல ஒரு பார்வை. அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, சொன்னால் யார் நம்புவார்கள், தங்கமான மனுசன் என்பார்கள். ச்ச் என்று நாக்கைத் தட்டுவார், அவ்வளவுதான், அந்த ஒரு ச்ச்சில் வீடே அடங்கும். காருக்குள் பேச்சே கூடாது, பேசினால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் கால் அழுத்தும். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று அவள் அம்மா சொன்னாள், ஏறினாள், ஏறி உட்கார்ந்து பழகியும்விட்டாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரே ஒருதரம் கேட்டாள். நீ கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டுவே, கிளட்ச்சும் போயிரும் பெட்ரோலும் போயிரும் என்றார், அத்தோடு சரி. அப்புறம் அவருடைய இடது முழங்கால் போயிற்று, இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வேறு வழியில்லாமல் இந்த ஆட்டோமேட்டிக் வந்தது. வந்த அன்றைக்கு அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுக்கு விருந்தாட வந்த ஒரம்பரையோடு வந்த அடங்காத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. இது கியர் வண்டியில பாதிகூடத் தராது, ஆனாத் தர வெக்கறேன் பாரு, பழக்கிக் காட்டறேன். பழக்கவும் செய்தார். வேகம் கொஞ்சம் கூடியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் துளி தூக்குவார், வண்டி ஏமாந்துபோய் மேல் கியருக்கு மாறும், மறுபடி மெல்ல வைப்பார், மறுபடி துளி தூக்குவார். கை சும்மா அந்தக் கியர்க் கம்பியின் மேல் கிடக்கும், கம்பி அசையாது, உள்ளே மட்டும் டக்கென்று ஒன்று மாறும். பன்னிரண்டு கொடுத்தது பதினைந்தாயிற்று, பதினேழாயிற்று, பழனிக்குப் போய்த் திரும்பிய அன்றைக்குப் பத்தொன்பது. கியர் வண்டிக்காரன்கூட எடுக்கமாட்டான் வசந்தா! அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது, ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.

சிங்காநல்லூர் சிக்னல் வருகிறது. சிவப்பு. எத்தனை தூரத்திலிருந்து தெரிகிறது பாவி விளக்கு. வண்டி தானாகவே தணிந்தது, அவள் பிரேக்கைத் தொடவே இல்லை, சத்தியமாகத் தொடவில்லை, இரைச்சல் குறைந்து குறைந்து, யாரோ பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி ஆகி, கடைசியில் பிரேக்கைச் சும்மா தொட்டதும் பஸ்ஸுக்குப் பின்னால் அளவாக நின்றது. இதைத்தான், இதைத்தான் சொல்கிறாள், சொன்னால் யாருக்குப் புரிகிறது. போன ஆடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோய், வண்டி போர்டிகோவில் துணி போர்த்திக் கிடந்தது. வித்துரலாம் அண்ணி என்று கொழுந்தனார் வந்து நின்றபோது, எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, நானே ஓட்டறேனுங்க என்றாள், கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினாள். ஓட்டினாள் பாருங்கள், அடடா, அந்த முதல் மாதம்! வலது கால் ஒன்றுக்குத்தான் வேலை, இடது கால் ராஜா மாதிரி சும்மா இருந்தது, மிதித்தாள், கத்த விட்டாள், ஓடிப்போய்ச் சடாரென்று பிரேக் அடித்தாள், ஏசியை முழுதாகத் திருப்பிவைத்து ஜன்னலையும் திறந்துவைத்தாள். லிட்டருக்குப் பதினொன்று வந்தது. பதினொன்று! ஒருத்தரும் ச்ச் சொல்லவில்லை. வசந்தாமணி பெட்ரோல் பங்க்கில் நின்று, காற்றுப் பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அப்புறம்தான் இது ஆரம்பித்தது. அடுத்த டேங்க்குக்குப் பன்னிரண்டரை. பங்க் மாறியதால் இருக்கும் என்று நினைத்தாள். பதினாலு. டயரில் காற்று நிறைய இருக்கும். பதினாறு வந்தபோது கொழுந்தனார், அண்ணி நீங்க கில்லாடிங்க என்றார், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், அவளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, ஏனென்றால் வண்டி எங்கெங்கே கியர் மாறுகிறதோ அந்த இடமெல்லாம் அவர் காலைத் தூக்குகிற இடமாக இருந்தது, பாலத்துக்கு அடியில், மில் மதிலைத் தாண்டியதும், வேகத்தடைக்குச் சற்று முன்னால். மிதுனாதான் ஒருநாள் போனில் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள், ம்மா, இந்த கியர்பாக்ஸு ஓட்டறவங்க கால் பழக்கத்தை ஞாபகம் வெச்சுக்குமாம், அப்பா இன்னும் அதுக்குள்ளதான் இருக்கறாரு போல. பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னது. அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

"ம்மா, ஏசி போட்டுக்கட்டுமா?" மிதுனா மெல்லக் கேட்டாள்.

"இந்நேரத்துக்கு எதுக்குக் கண்ணு? கண்ணாடியை எறக்கிக்கோ, காத்து வரும்."

மிதுனா கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். புகையும் பூண்டு உரிக்கிற வாடையும் வந்தன. பச்சை விழுந்தது, பஸ் நகர்ந்தது, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்ந்தது, இது ஒன்று, இந்த ஊர்தல், மிதிக்காமலே இஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் நடைவேகத்தில் நகருமே அது, கியர் வண்டியில் கிளட்ச்சை விட்டால்தானே நகரும், இது சும்மா விட்டாலே யாரோ தள்ளுகிற மாதிரி போகும். மெல்ல மிதித்தாள். டக். மாறிவிட்டது. கம்பி அசையவில்லை. அந்தக் கம்பி, அவளுக்கும் மிதுனாவுக்கும் நடுவில், கறுப்புத் தோல் உறை போட்டு, தலையில் மட்டும் உறை தேய்ந்து வழவழத்து, தேய்த்தது யாருடைய உள்ளங்கை என்று தெரியாதா என்ன, மாற்ற ஒன்றுமே இல்லாத கம்பியில் கையை வைத்துக்கொண்டே இருந்து தேய்த்தது. புறப்படும்போதும் நிறுத்தும்போதும் தவிர அவள் அதைத் தொடுவதில்லை. தொட்டால் சூடாக இருக்கும். அடியில் இஞ்சின் சூடு வராமல் என்ன வரும், கிறுக்குப் பிடித்தவளே, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், ஆனால் மனுசக் கை கிடந்துவிட்டுப் போன இடத்துச் சூடு எப்படி இருக்குமென்றும் அவளுக்குத் தெரியுமே. பதினெட்டு புள்ளி ஐந்து. ஐயோ, எப்போது மாறியது?

சரி, வீணடிக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை. குளத்தை ஒட்டிய ரோடு காலியாகக் கிடந்தது, இங்கே ஒரு மிதி மிதித்தால் பெட்ரோல் குடம் குடமாகப் போகும், பதினெட்டு பதினேழாக இறங்கும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரட்டும். எங்கே உட்காருவார், இந்த சீட்டில்தானே, அவள் மடியிலா? சே, என்ன நினைப்பு இது, பட்டப்பகலில். மிதி வசந்தா. மிதித்தாள். இஞ்சின் கத்தியது, வண்டி முன்னால் தாவியது, மிதுனா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள், அப்படித்தான், கத்து, நன்றாகக் கத்து, கத்தாமல் எத்தனை வருசம் கிடந்தாய், என்று வண்டியைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா, அதற்குள், டக். கத்தல் அறுந்துபோயிற்று. வண்டி மேல் கியரில் அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி, குளத்து நாரைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் மிதித்துக்கொண்டுதானே இருக்கிறேன்? மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி மிதித்தாள், மறுபடி டக். விடமாட்டேன் என்கிறாரே. செத்தும் விடமாட்டேன் என்றால் இது என்ன நியாயம், ஒரு லிட்டர் பெட்ரோலை, ஒரே ஒரு லிட்டரை என் இஷ்டத்துக்குக் கொட்ட எனக்கு விதியில்லையா? அழுதால் ரோடு தெரியாது. அவர் செத்த அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்து எதற்கு. மிதுனாவைத் திரும்பிப் பார்த்தாள், பிள்ளை பிடியை விடாமல், வாயைத் திறக்காமல், ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட, திட்டவாவது திட்டேன், ஏம்மா இப்படி ஓட்டறே என்று கேளேன் கண்ணு. கேட்கவில்லை. ஹோப் காலேஜ் சிக்னலுக்கு வரும்போது பதினெட்டு புள்ளி ஏழு.

சர்வீஸ் சென்டரில் வண்டியை உள்ளே வாங்கிக்கொண்ட பையன் பேர் சபரீஷ், சட்டைப் பையில் குத்தியிருந்தது. கையில் வைத்திருந்த டேப்லெட்டில் வண்டி நம்பரைத் தட்டினான்.

"சொல்லுங்க மேடம், என்ன கம்ப்ளெயிண்ட்டுங்க?"

"மைலேஜுங்க."

"கம்மியா வருதுங்களா?"

"ஜாஸ்தியா வருதுங்க."

அவன் விரல் நின்றது. மிதுனாவைப் பார்த்தான், மிதுனா தரையைப் பார்த்தாள். உள்ளே எட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு புள்ளி ஏழுங்களா! மேடம், இதே மாடல் கியர் வண்டி வெச்சிருக்கறவங்களே பதினாறுதான் வருதுன்னு எங்ககிட்ட சண்டைக்கு நிக்கறாங்க. ஜாஸ்தியா வருதுன்னு சொல்ற மொத ஆள் நீங்கதானுங்க" என்றான்.

"அது நான் ஓட்டி வர்றதில்லைங்க. என்ற வீட்டுக்காரரு பழக்குனது. அவரு தவறிட்டாருங்க. அவரு கால் இன்னும் அதுக்குள்ள இருக்குது." சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தால் என்ன, இத்தனை நாள் நல்லபடியாகப் பேசிப் பேசி என்ன கண்டோம். "அதை அழிச்சு உட்டுருங்க தம்பி. மைலேஜ் வராட்டிப் போகுது. எனக்கு அவரு வேண்டாம்."

மிதுனா நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அவரு வேண்டாம். எவ்வளவு சின்ன வாக்கியம், இருபத்தாறு வருசமாக வாய்க்குள் ஊறிக்கொண்டு கிடந்திருக்கிறது. வெளியே வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. சபரீஷ் நல்ல பையன், சிரிக்கவில்லை, செத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலைத் தணிக்கத் தெரிந்தவன். லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் சொருகினான். அவள் பக்கத்திலேயே நின்றாள். போகட்டும், இன்றோடு போகட்டும், நாளைக்கு இந்த வண்டி பன்னிரண்டு கொடுக்கும், பத்து கொடுக்கும், அவள் ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போடுவாள். அவன் எதையோ படித்தான், மறுபடி படித்தான், நெற்றியைச் சொறிந்தான்.

"மேடம், சார் ஓட்டினது எதுவும் இதுல இல்லைங்க."

"இல்லைன்னா?"

"வண்டி ரொம்ப நாளா நின்னு பேட்டரி உக்காந்துபோச்சுன்னு போன வருசம் எடுத்துட்டு வந்து மாத்திக் குடுத்தமுங்களா, அப்பவே கியர்பாக்ஸைச் சுத்தமா அழிச்சுத்தான் குடுத்திருக்கறோம். அதுக்கப்பறம் யாருங்க ஓட்டறது?"

"நாந்தான்."

"வேற யாரும்?"

"இல்லைங்க."

"அப்ப இது உங்க காலுங்க மேடம்." அவனுக்கு நிஜமாகவே சந்தோசம், லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான், பச்சைக் கோடு ஒன்று மலை மலையாக ஏறி இறங்கியது. "இங்க பாருங்க, வேகம் கூடறதுக்குள்ள துளி தூக்கறீங்க. இங்க மறுபடியும். இப்ப வர்றப்ப ஒரு எடத்துல நல்லா மிதிச்சிருக்கீங்க, ஆனா மிதிச்ச கையோட எடுத்துட்டீங்க. எங்க டிரைவருங்களுக்கே இது வராதுங்க. யாருங்க மேடம் சொல்லிக் குடுத்தது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் சொல்லிக் கொடுப்பார்கள். இடது சீட்டில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான், ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு போயிற்று, காற்றாலை போயிற்று, பேசக் கூடாது, கண் தன்னால் கீழே போகும், அந்தச் செருப்புக் காலைப் பார்க்கும், இப்போது தூக்குவார், இப்போது வைப்பார், தப்பாகிவிட்டால் ச்ச், தப்பாகிவிடக் கூடாதே சாமி என்று இவள் கால் கட்டைவிரலும் மிதியடி விரிப்பில் கூடவே தூக்கும், கூடவே வைக்கும். ஊர் போய்ச் சேரும்போது ஓட்டினவருக்கு வலிக்காத கால் இவளுக்கு வலிக்கும். அவர் கியர்பாக்ஸில் இல்லை, இத்தனை நாள் அங்கே அல்லவா தேடிக்கொண்டிருந்தேன். தன் வலது காலைத் தானே பார்த்தாள், சேலைக் கரைக்குக் கீழே அதே கால்தான், அதே மெட்டிதான், ஆனால் யாரோ பழக்கிய கால். பேட்டரி தீர்ந்தால் இது அழியுமா? "மேடம், இருக்கட்டுங்களா, அழிச்சரட்டுங்களா?" என்று சபரீஷ் கேட்டான். "அழிச்சுருங்க" என்றாள். அவன் ஒரு பொத்தானை அழுத்தினான், வண்டிக்குள் என்னமோ முனகியது, அடங்கியது. "இப்ப அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. மொதக் கொஞ்ச தூரம் நீங்க எப்படி ஓட்டறீங்களோ அப்படியே கத்துக்கும்."

வெளியே எடுத்தாள். அவினாசி ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. பார்த்துப் போக வேண்டும், மிதித்தால் மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும், தூக்கக் கூடாது, தூக்கினால் பார்த்துவிடும், பச்சைப் பிள்ளை மாதிரி விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மிதித்தாள். வண்டி வேகம் எடுத்தது, தூக்காதே, தூக்காதே வசந்தா, என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே கால் துளி எழுந்தது. அவள் எழுப்பவில்லை. டக். அப்போதுதான் கடைக்கண்ணில் அதைப் பார்த்தாள். இடது சீட்டுக்கு முன்னால் கீழே, மிதியடி விரிப்பின் மேல், மிதுனாவின் செருப்புக் கால், கட்டைவிரல் பக்கம் துளி தூக்கி, மெல்ல, சத்தமில்லாமல், கீழே வைத்தது. பிள்ளை ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

வசந்தாமணி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முழுதாக எடுத்து சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள், இடது காலைக் கொண்டு அதை அழுத்திப் பிடித்தாள். வண்டி வேகம் குறைந்து குறைந்து, நடைவேகத்துக்கு வந்து, யார் காலும் இல்லாமல் ஊர்ந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான், அப்புறம் இன்னொருத்தன், அப்புறம் ஒரு லாரி.

"ம்மா! என்னம்மா ஆச்சு? மிதிம்மா, எல்லாரும் அடிக்கறாங்க!"

"செருப்பைக் கழட்டு சாமி" என்றாள் வசந்தாமணி. "காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கோ. சம்மணம் போட்டு உக்காரு."

"எதுக்கும்மா?"

"கீழ வெக்காதே. நான் சொல்ற வரைக்கும் கீழ வெக்காதே."